சுயவிபரத்தில் வீட்டு முகவரி எதற்கு?

பன்வில தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கண்டிக்குப் போய்ப் படிக்கிறேன். பயிற்சி வேலை தேடி, என் சுயவிபரத்தை முகநூல் குழு ஒன்றில் போட்டேன். வழமைபோல வீட்டு முகவரி, கைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், அம்மா கொழுந்தெடுப்பவர் என்பதுவரை எழுதியிருந்தேன்.

மறுநாள் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் தனியாக இருந்தபோது தெரியாத ஒருவரின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, உங்க சீவி பார்த்தேன். வேலை இருக்கு. உங்க லயத்துக்குக் கீழ வேன்ல நிக்கிறேன், வாங்க. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருப்பாங்கதானே?"

அழைப்பைத் துண்டித்தேன். கதவைத் தாழிட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மாமாவைக் கைபேசியில் கூப்பிட்டேன். அவர் சத்தம் போட்டபடி இறங்கிப் போனதும் வேன் கிளம்பிவிட்டது.

இப்போது பெயர், படிப்பு, திறமை, மின்னஞ்சல் மட்டுமே எழுதி, விசாரித்தறிந்த நிறுவனத்துக்கு நேரே அனுப்புகிறேன். குழுவில் போட்டதை அழித்துவிட்டேன். அதற்குள் எத்தனை பேர் அதைப் பிரதி எடுத்து வைத்தார்களோ! அம்மா மலைக்குப் போனால், பட்டப்பகலிலும் கதவைத் திறப்பதில்லை.