சூடானால் நிற்கும் சிவப்புக் கார்

பழங்காநத்தத்தில் ஒரு மாவு மில்லுக்கும் சலூனுக்கும் நடுவில் செல்லக்கிளியின் கடை இருக்கிறது. கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும் பார்ப்பாள். செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, ஏசி போட்டால் ஃபியூஸ் போகிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம். அதற்கு முன்பு கப்பலூரில் ஒரு கம்பெனியில் கார்களுக்கான ஒயர் கட்டுகள் தயாரிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தாள். எந்தக் காருக்குப் போகிறது என்று தெரியாமலே நாள் முழுக்க ஒயர் முனையில் பின் சொருகுகிற வேலை. கம்பெனி வேறு ஊருக்கு மாறியபோது கூட இருந்தவர்கள் வேறு வேலை தேடினார்கள். இவளுக்கோ அந்த ஒயர்கள் போய்ச் சேருகிற இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. செல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் கணவன் ராம்கியிடம் சொன்னாள். "பாத்துட்டாப் போச்சு" என்றான் அவன். ஒரு ஒர்க்ஷாப்பில் சேர்ந்து வேலை பழகி, பிறகு தனியாகக் கடை போட்டாள்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள் காலை, செக்கானூரணியில் தேங்காய் மண்டி நடத்தும் நல்லகாமன் கடைக்கு வந்தார். கார் இல்லாமல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"ஸ்போர்ட்ஸ் கார் தங்கச்சி. ரெண்டே சீட்டு. இருபத்தஞ்சு வருசப் பழசு. ஒன் கடைக்கு வர்ற வழியில இருக்க ஸ்பீடு பிரேக்கர்ல அதுக்கு வயிறு தட்டும். நீதான் மண்டிக்கு வந்து பாக்கணும்."

"என்ன செய்யுதுண்ணே?"

"நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். படக்குன்னு நின்னுரும். மூணு மெக்கானிக் பாத்துட்டாக. பெட்ரோல் பம்பு மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு. அதுபாட்டுக்கு நிக்குது."

மறுநாள் ஸ்கூட்டரில் கருவிப் பையை வைத்துக்கொண்டு செக்கானூரணிக்குப் போனாள். உரித்த தேங்காய்க் குவியல்களுக்கு இடையில், தகரக் கொட்டகையின் நிழலில், அந்தக் கார் தாழ்ந்து, நீண்டு, மிளகாய்ப் பழச் சிவப்பில் கிடந்தது. இப்படி ஒன்றை அவள் தொட்டதே இல்லை. பானெட்டைத் திறந்தவள் ஒயர் கட்டு ஒன்றை விரலால் நீவிப் பார்த்தாள். பழகிய வேலைதான். பழகாத ஊர்க்காரர்கள் கட்டியது.

நல்லகாமனின் மனைவி தமிழ்ச்செல்வி மோர் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல நான் ஏறுறதில்ல கிளி" என்றார். "போன மாசம் திருமங்கலத்துல ஒரு கல்யாணம். பட்டுச்சேலையோட நடுரோட்டுல நின்னேன். லாரிக்காரன் பூராம் பாத்துட்டுப் போறான்."

"நின்னா மறுபடி எப்பக் கிளம்பும் மதினி?"

"இவரு சாவியத் திருகுவாரு, எஞ்சின் சுத்தும், பத்திக்காது. கொஞ்ச நேரம் சும்மா ஓரமா உக்காந்தா தானாக் கிளம்பிரும். காலைல எங்க போனாலும் நிக்காது. மத்தியானந்தேன் இந்தப் பாடு."

செல்லக்கிளி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். சூட்டில் சாகிறது, ஆறினால் பிழைக்கிறது. அவளுடைய சந்தேகம் கிராங்க் சென்சாரின் பக்கம் போனது. எஞ்சின் சுற்றுகிறது என்பதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு துண்டு அது. அது வாயை மூடிக்கொண்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியை நிறுத்திவிடும். சந்தேகத்தை வைத்துக்கொண்டு சாமானை மாற்றினால் நான்காவது மெக்கானிக் என்ற பெயர்தான் மிஞ்சும். அதனால், "அண்ணே, இது நிக்குற வரைக்கும் ஓட்டுவோம்" என்றாள்.

உச்சி வெயிலில் கிளம்பினார்கள். திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறி, கப்பலூரை நெருங்கும்போது சொல்லிவைத்தாற்போல் நின்றது. எதிரே அவள் வேலை பார்த்த கம்பெனியின் பழைய கேட். இப்போது அங்கே பிளாஸ்டிக் நாற்காலி செய்கிறார்கள். ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு துண்டை விரித்துக் காருக்கடியில் கையை நுழைத்து, சென்சாரின் ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை. சூட்டில் உள்ளே கம்பிச்சுருள் தொடர்பு விட்டுப்போயிருந்தது. துணியை நனைத்துச் சென்சாரின் மேல் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் முள் சோம்பலாக எழுந்தது. ஒயரைத் திரும்ப மாட்டினாள்.

"இப்ப அடிங்கண்ணே."

எஞ்சின் ஓடத் தொடங்கியது. நல்லகாமன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு பேரும் இந்தப் பக்கமே வரலையே தங்கச்சி."

"அவக காலைல வந்து பாத்திருப்பாக" என்றாள் செல்லக்கிளி.

மண்டிக்குத் திரும்பியதும், புகைக்குழாயில் கரி அடைந்திருந்ததால் இன்னொன்றையும் சோதித்தாள். எஞ்சினின் சூட்டைச் சொல்கிற சென்சார், குளிரிலும் சூட்டிலும் ஒரே அளவைக் காட்டியபடி மாட்டிக்கொண்டு நின்றது. எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகவே நம்பி, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருந்தது.

சாமான்கள் சென்னையிலிருந்து வந்துசேர்ந்ததும் வேலையைத் தொடங்கினாள். சூட்டுச் சென்சார் திருகியதும் மரியாதையாக வெளியே வந்தது; புதியதை மாட்டினாள். கிராங்க் சென்சாரோ போல்ட்டைக் கழற்றிய பிறகும் அசையவில்லை. அத்தனை வருஷ அழுக்கும் உப்பும் அதை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்துவைத்திருந்தன. துருவை இளக்கும் எண்ணெயை விட்டு, லேசாக இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "ஊறட்டும்ணே, நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் வந்தபோது நல்லகாமன் கையில் குறடோடு நின்றிருந்தார். குறட்டின் வாயில் சென்சாரின் தலை மட்டும் இருந்தது.

"லேசாத்தேன் இழுத்தேன்" என்றார்.

செல்லக்கிளி டார்ச்சை அடித்துப் பார்த்தாள். மீதிப் பாதி துளைக்குள் உடைந்து நின்றது. தட்டினால் உள்ளே விழும். விழுந்தால் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரிக்க வேண்டும். கோபத்தில் காது சூடாகிவிட்டது. "அண்ணே, நீங்க செத்த நேரம் அங்கிட்டுப் போயி தேங்காயப் பாருங்க" என்றாள். அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார். "நல்லாச் சொன்ன" என்றார் தமிழ்ச்செல்வி.

ராம்கிக்குப் போன் போட்டு, துளையின் அளவையும் ஆழத்தையும் சொன்னாள். மத்தியானத்துக்குள் லேத்தில் ஒரு இரும்பு வளையத்தைக் கடைந்து, நீண்ட ஸ்குரூவும் நட்டுமாக வந்து சேர்ந்தான். அவள் டிரில் முனையில் கிரீஸைத் தடவி, தூள் உள்ளே சிந்தாமல் உடைந்த பிளாஸ்டிக்கின் நடுவில் ஒரு துளை போட்டாள். அதில் ஸ்குரூவை முறுக்கி, வளையத்தை மேலே உட்காரவைத்து, ராம்கி சுற்றிலும் சூட்டுக் காற்று ஊதும் மெஷினைப் பிடிக்க, நட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினாள். திருப்பினால் சென்சார் மேலே வர வேண்டும். இல்லையென்றால் ஸ்குரூ மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

"வருதா?" என்றான் ராம்கி.

"பேசாம இரு."

பாட்டில் மூடி திறப்பதுபோல ஒரு சின்னச் சத்தம். முழுத் துண்டும் அவள் உள்ளங்கையில் கிடந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நல்லகாமனை, "வாங்கண்ணே" என்று அவளே கூப்பிட்டாள். துளையைச் சுத்தம் செய்து, புதுச் சென்சாரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தொட்டு, விரலால் அழுத்தினாள்; அது உட்கார்ந்துகொண்டது.

வெயிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நல்லகாமன் சாவியை எடுத்தார். தமிழ்ச்செல்வி அதை வாங்கிச் செல்லக்கிளியிடம் கொடுத்தார். "கிளி ஓட்டட்டும். அவ ஓட்டுனா நானும் ஏறுறேன்."

இரண்டு பெண்களும் மதுரை ரோட்டில் போனார்கள். அரை மணி நேரத்தில் திரும்ப வேண்டியவர்கள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. "நின்னுருச்சு மாப்ள" என்றார் நல்லகாமன், துவண்டுபோய். ராம்கி அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தேடிப் புறப்பட்டான்.

நாகமலைக்கு முன்னால், ரோட்டோரத்தில், வெட்ட வெயிலில் சிவப்புக் கார் நின்றிருந்தது. பக்கத்துப் புளியமரத்தடியில் இருந்த வடைக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்ச்செல்வி தன் தங்கையின் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, செல்லக்கிளிக்குச் சிரித்துப் புரையேறிக்கொண்டிருந்தது.

"நின்னுருச்சா?" என்றார் நல்லகாமன் இறங்குவதற்குள்.

"காதக் கொடுத்துக் கேளுங்க" என்றார் தமிழ்ச்செல்வி.

கேட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து புதுச் சென்சாரை முழுக்கக் காய்ச்சட்டும், நிற்கிறதா பார்ப்போம் என்று செல்லக்கிளிதான் அணைக்காமல் விட்டிருந்தாள். போன்கள் இரண்டும் காருக்குள்ளேயே கிடந்தன. புகைக்குழாயில் கருப்பும் இல்லை. நல்லகாமன் பானெட்டின் மேல் கையை வைத்து, சூடு தாங்காமல் எடுத்து, மறுபடியும் வைத்தார்.

"ஒக்காருங்கண்ணே" என்றாள் செல்லக்கிளி, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். வடை சூடா இருக்கு."