சிவப்பு முனை நுழைந்த சாவிகள்

எங்கள் கம்பெனியில் மொத்தம் பதினோரு பேர். அதில் பத்துப் பேருக்கும் ஒரே பயம், அந்தப் பதினோராவது ஆள். அவரை ஜட்ஜம்மா என்போம். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேராகவே. அந்தப் பேர் தனக்குப் பிடித்திருப்பதை அவர் மறைத்ததும் இல்லை.

நாங்கள் செய்வது சைக்கிள் ரிப்பேருக்கான கருவிகள். செயின் கழற்றுவது, பெடல் கழற்றுவது என்று பல உண்டு. ஆனால் எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது உள்ளங்கையில் அடங்கும் நிப்பிள் சாவிதான். சக்கரத்துக் கம்பிகள் ரிம்மில் சேரும் இடத்தில் குட்டியாக ஒரு நிப்பிள் இருக்கும். அதைத் திருகித்தான் கோட்டம் எடுப்பார்கள். சாவியின் வாய் அகலமாகிவிட்டால் நிப்பிளின் மூலை மழுங்கிவிடும். குறுகிவிட்டால் நுழையவே நுழையாது. அந்த வாயை அளந்து பார்ப்பதுதான் ஜட்ஜம்மாவின் வேலை.

அவரிடம் விரல் நீளத்தில் ஓர் எஃகு கேஜ் இருந்தது. ஒரு முனையில் பச்சை வண்ணம், மறுமுனையில் சிவப்பு. சாவியின் வாயில் பச்சை முனை நுழைய வேண்டும், சிவப்பு முனை நுழையக் கூடாது. இரண்டிலும் தேறிய சாவியின் தலையில் பஞ்ச் எனும் கூரான எஃகு ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் புள்ளி குத்துவார். தேறாதது காலடியில் இருக்கும் தகர டப்பாவில் விழும். பக்கத்து மேசையில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. பெட்டி மடிப்பதால் என் பேர் டப்பா. எனக்கு அது பிடிக்காது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

மெஷின்காரர்கள் வந்து கெஞ்சுவார்கள். "அக்கா, மயிரிழைதான். இருக்கட்டும், விட்டுடுங்க."

"இருக்கட்டும்னு ஒரு அளவு எந்த டிராயிங்லயும் இல்லை" என்பார். அவ்வளவுதான், மேல்முறையீடே கிடையாது.

அந்த கேஜை வெல்வெட் வைத்த பெட்டியில் பூட்டி வைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கை கழுவக் கிளம்பும்போது அவர் மட்டும் மெல்லிய உப்புத்தாளை எடுத்து இரண்டு முனைகளையும் பளபளவென்று தேய்ப்பார். பிறகு ஒரு சொட்டு எண்ணெய். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பொறுமை இருக்கும் அந்தக் கையில். இருபத்தெட்டு வருடம் இதைப் பார்த்து, வேலை பார்த்தால் இப்படிப் பார்க்க வேண்டும் என்று நானும் மெச்சியிருக்கிறேன். எனக்கிருக்கும் அறிவு அவ்வளவுதான்.

அவருடைய கூடப்பிறந்த தம்பியும் எங்களோடு வேலை செய்தார். சாவிக்கு வாய் வெட்டும் மெஷின் அவர் கையில் இருந்தது. அக்கா 'தம்பி' என்று கூப்பிட்டதால் எங்கள் எல்லோருக்குமே அவர் தம்பிதான். சொந்தச் சம்பளத்தில் ஒரு மைக்ரோமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, வெட்டும் பிளேடை அதில் அளந்து, டிராயிங்கில் உள்ள அளவுக்குச் சரியாக இருந்தால்தான் மாட்டுவார். மற்ற இரண்டு மெஷின்காரர்களுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. ஜட்ஜம்மா எதைத் திருப்பி அனுப்புகிறார் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி பிளேடைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கிக்கொண்டார்கள். காற்றுள்ளபோதே தூற்றத் தெரிந்தவர்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் தொடர்ந்து மூன்று மாதம் தம்பியின் சாவிகள் தகர டப்பாவில் விழுந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு முனை நுழைந்தது. வாய் அகலம், லூஸ் என்பது தீர்ப்பு. தம்பி முகம் சிவந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, என் பிளேடு சரியா இருக்கு. அந்த கேஜை ஒரு தடவை குடு, அளந்து பாக்குறேன்."

"கேஜையே அளப்பியா? நாளைக்கு என்னையும் தராசுல ஏத்துவே போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. தம்பி தன் சாவிகளில் ஒரு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு போனவர், மறுநாள் வேலைக்கு வரவில்லை. பெரிய சாலைத் திருப்பத்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் சைக்கிள் ரிப்பேர் கடை போட்டுவிட்டார். அக்காவும் தம்பியும் ஒரே தெருவில் குடியிருந்தும் ஏழு வருடம் பேச்சு இல்லை. அக்கா வாசலில் நின்றால் தம்பி சைக்கிளை விட்டு இறங்கி, மறுபக்கமாகத் தள்ளிக்கொண்டு போவார். அக்கா உள்ளே போய்ச் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்வார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எனக்கே இன்னும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புதிதாக வந்த ஒரு பெரிய வாடிக்கையாளர், உங்கள் அளவுக் கருவிகளைச் சோதனைக்கூடத்தில் காட்டிச் சான்று வாங்கி அனுப்புங்கள் என்று கேட்டார். கேஜ் முதல்முறையாக ஊர்வலம் போய் வந்தது. கூடவே ஒரு தாள். அதை முதலாளி ஜட்ஜம்மாவின் மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்தார்.

இரண்டு முனையும் தேய்ந்திருந்தன. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் நாலு பங்கு குறைவு. கேஜ் மெலிந்தால் என்ன ஆகும் என்று மெஷின்காரர் ஒருவர் எனக்குச் சொல்லிப் புரியவைத்தார். இறுக்கமான வாயில்கூடப் பச்சை முனை நுழைந்துவிடும். சரியான வாயில் சிவப்பு முனை நுழைந்துவிடும். அதாவது தப்பானதற்குப் புள்ளி, சரியானதற்கு டப்பா.

"எப்படி சார் தேயும்? கண்ணுக்குள்ள வெச்சு..." என்று ஆரம்பித்த ஜட்ஜம்மா பாதியில் நின்றார். கை தானாக இழுப்பறையைத் திறந்தது. உள்ளே உப்புத்தாள் கட்டு. வாரத்துக்கு ஒருமுறை, இருபத்தெட்டு வருடம். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நினைத்தேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

முதலாளி புது கேஜ் வாங்கினார். மெஷின்களை டிராயிங் அளவுக்குத் திருப்பினார்கள். ஜட்ஜம்மா புது கேஜில் பார்த்துப் புள்ளி குத்த, நான் பெட்டியில் போட்டு அனுப்பினேன். தொல்லை விட்டது என்று இருந்தோம். மூன்றாவது வாரம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. உங்க சாவிக்கு என்ன ஆச்சு, பழைய பிடி இல்லையே, லூசா இருக்கே, பழைய மாதிரி அனுப்புங்க. எல்லாக் கடிதத்திலும் இதே பாட்டுத்தான்.

முதலாளி முதலில் விழித்தார், அப்புறம் சிரித்தார். எங்கள் சாவி கவ்விப் பிடிக்கும் என்று ஊரெல்லாம் பேர் எடுத்ததே அந்தத் தேய்ந்த கேஜின் புண்ணியத்தில்தானாம். "டிராயிங்கை மாத்திடலாம்மா. தேஞ்ச அளவுக்கே ஒரு புது கேஜ் செய்யச் சொல்றேன்" என்றார்.

"அப்போ தப்பு எது சார்?" என்றார் ஜட்ஜம்மா.

"தப்பா? ஒண்ணும் இல்லையே. எல்லாம் நல்லதுக்குத்தான்."

பெட்டியின் மேல் 'துல்லியமான அளவு' என்று அச்சடித்திருக்கும். அதை மாற்ற வேண்டுமா என்று நான் கேட்டேன். முதலாளி ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நானும் மடித்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மதியம் ஜட்ஜம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

"டப்பா, ஏழு வருஷத்துக்கு முன்னாடி கேஜ் எவ்வளவு தேஞ்சிருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அப்போ சரியாவே இருந்திருக்கலாம். அவன்தான் தப்பாவும் செஞ்சிருக்கலாம். இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"நான்தான் என் தம்பியை விரட்டியிருக்கேன்."

"அது எப்படிக்கா இப்போ தெரியும்?"

"அவன் ஒரு பெட்டி சாவி எடுத்துட்டுப் போனானே. அதுல புது கேஜை விட்டுப் பாத்தா தெரிஞ்சுடும். தனியா போக எனக்குத் தைரியம் இல்லை. நீயும் வா."

சனிக்கிழமை மதியம் போனோம். அவர் கைப்பையில் இரண்டு கேஜும், பஞ்ச் ஆணியும், சுத்தியலும் இருந்தன. தம்பி ஒரு சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டப்பாக்கா" என்றார் என்னை மட்டும் பார்த்து.

ஜட்ஜம்மா வெல்வெட் பெட்டியைத் திறந்து பழைய கேஜை அவர் முன்னால் வைத்தார். "அளந்து பாரு" என்றார்.

தம்பி அதை வெகுநேரம் பார்த்தார். சக்கரத்தை நிறுத்தினார். வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, பழந்துணியில் சுற்றி வைத்திருந்த மைக்ரோமீட்டரை எடுத்தார். மூன்று தடவை அளந்தார்.

"நாலு குறையுது."

"தெரியும். சோதனைக்கூடத்துல இருந்து பேப்பர் வந்துச்சு."

"தெரிஞ்சும் எதுக்கு என்னை அளக்கச் சொன்னே?"

"நீ கேட்டேல்லடா" என்றார் அக்கா.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு பழந்துணியை மடித்தார். அதை அத்தனை ஒழுங்காக மடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு அக்கா அந்தப் பெட்டியைக் கேட்டார். பெஞ்சுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாகப் புது கேஜில் பார்த்தார். பச்சை நுழைந்தது. சிவப்பு நுழையவில்லை. அடுத்தது. அதுவும் அப்படித்தான். முப்பத்தேழு சாவி. ஒன்றில்கூடச் சிவப்பு முனை நுழையவில்லை. ஒவ்வொன்றையும் கீழே வைக்கும்போது அவர் குனிந்துகொண்டே போனார். கடைசிச் சாவிக்கு நெற்றி முழங்காலைத் தொட்டுவிடும் போலிருந்தது.

"எல்லாம் சரியாத்தான்டா செஞ்சிருக்கே. நான்தான் பாவி."

தம்பி தலையைச் சொறிந்தார். அப்போதுதான் நான் பார்த்தேன், ஸ்டாண்டில் இருந்த சக்கரத்தில் தொங்கிய சாவியை. அதன் தலையில் புள்ளி இருந்தது. எங்கள் கம்பெனிச் சரக்கு, ஜட்ஜம்மா தேர்ந்தெடுத்தது.

"தம்பி, உங்க சாவி முப்பத்தேழு இருக்கே. எதுக்கு இதைக் காசு குடுத்து வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் இல்லை.

"அது வந்து..." என்று இழுத்தார். "நம்ம சாவி கொஞ்சம் லூசா இருக்கு டப்பாக்கா. பழைய சைக்கிளுக்கு இதுதான் கவ்வுது."

அக்கா நிமிர்ந்தார். "லூசு லூசுன்னுதானேடா நானும் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்!"

"நீ சொன்னது சரிதான்க்கா. ஆனா உன் கேஜ் தப்பு. நான் செஞ்சதும் சரிதான். ஆனா சாவி லூசு."

"அப்போ யார் மேலதான் தப்பு?"

"எனக்கு மட்டும் தெரிஞ்சா சொல்லமாட்டேனா? முதல் வருஷமே இதை வாங்கி மாட்டுனேன். அன்னையில இருந்து எனக்கும் குழப்பம்தான். உன்கிட்ட வந்து என்னன்னு சொல்றது?"

ஏழு வருடம் சைக்கிளை விட்டு இறங்கி அவர் தள்ளிக்கொண்டு போனது கோபத்தினால் என்றுதான் தெருவே நினைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், அந்த மேசை முன்னால் ஒருமுறை சிரித்தது போதும்.

ஜட்ஜம்மா முப்பத்தேழில் ஒன்றை எடுத்து, பெஞ்சில் வைத்து, பஞ்ச் ஆணியை அதன் தலையில் நிறுத்தினார்.

"வேண்டாம்க்கா. லூசுன்னு நானே ஒத்துக்கிட்டேனே. இனிமே டிராயிங்கும் மாறப்போகுது."

"அன்னைக்கு டிராயிங் படி சரியா இருந்துச்சுல்ல? அன்னைக்கே நான் புள்ளி வெச்சிருக்கணும்."

தட்டினார். லட்சக்கணக்கில் புள்ளி குத்திய கைதான். ஆனால் இந்த முறை ஆணி வழுக்கிவிட்டது. தம்பி சாவியை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கோணலா விழுந்திருக்கேக்கா."

"இருக்கட்டும்டா" என்றார் ஜட்ஜம்மா.