லூர்து டீச்சர் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்

புனே கேம்ப்பில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர் லூர்து. வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு அவர் தன் கையால் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் பத்தே நிமிடத்தில் புகைந்துவிட்டது.

"விடு, கடையில வாங்கிக்கலாம்" என்றார் கணவர் ஆர்தர்.

லூர்து அதைப் பிரித்துப் பார்த்தார். கம்பி அடுக்குகளுக்கு நடுவே வைத்த காகிதம் ஓரம்வரை எட்டவில்லை. மேல் அடுக்குக் கம்பி அங்கே வழுக்கி இறங்கிக் கீழ் அடுக்கைத் தொட்டிருந்தது.

"தப்பு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சுங்க. இனி எதுக்கு வாங்கணும்?"

புதுக் கம்பி வாங்கிவந்து, காகிதத்தை அகலமாக வெட்டி, ஓரங்களை மடித்துவைத்துச் சுற்றினார். ஒருநாள் எண்ணிக்கை தவறி ஐம்பது சுற்றைப் பிரிக்கவேண்டி வந்தது. மூன்றாம் ஞாயிறு வேலை முடிந்து, ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். புகையும் இல்லை, ஸ்பீக்கரில் இரைச்சலும் இல்லை.

"இன்னும் ஸ்விட்ச் போடலையா?" என்று கேட்டார் ஆர்தர்.

"போட்டு அரைமணி ஆச்சு" என்று சிரித்தபடி லூர்து பாட்டு வைத்தார்.