அண்ணன் ஏன் துப்பாக்கிகளைச் சேர்த்தார்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரது உடல் டென்மார்க்கிலிருந்து ஊருக்கு வந்த அன்று, துக்கத்துக்கு வந்த உறவினர்களே, உங்களில் சிலர் என்னைத் தனியே அழைத்து, "ஒங்க அண்ணன் அங்கிட்டு வீடு நெறைய துப்பாக்கி வச்சிருந்தாராமே, நெசமாம்மா?" என்று கேட்டீர்கள். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அண்ணன் கோட்டைப்பட்டினத்தில் பிறந்தவர். எங்கள் அப்பா நாட்டுப்படகில் மீன்பிடித் தொழில் செய்தார். அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, கடலில் அப்பாவின் இடுப்பில் குண்டு பாய்ந்தது. எந்தப் படகிலிருந்து யார் சுட்டார்கள் என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை. குண்டை எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் அதை உள்ளேயே விட்டுவிட்டார்கள். அப்பாவின் புண்ணைத் தினமும் கழுவிக் கட்டுப் போட்டவர் அண்ணன்தான். ஆத்தாவுக்கு அதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அப்பா எங்களிடம் சொன்னது ஒன்றே. "அது தண்ணியில பட்டுத் தெறிச்சு வந்த குண்டுப்பா. என்னைய எவனும் குறி வச்சுச் சுடல." சில ஆண்டுகள் கோல் ஊன்றி நடந்தார். பிறகு புண் உள்ளே சீழ் வைத்து, காய்ச்சலில் இறந்தார்.

அண்ணன் ஐடிஐயில் வெல்டிங் படித்தார். முதலில் வளைகுடா, பிறகு டென்மார்க்கில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை. என் படிப்பும் திருமணமும் அவர் உழைப்பில் நடந்தவை. பட்டறையில் உடன் வேலை பார்த்த டென்மார்க்காரர் ஒருவர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். அந்த நண்பர்தான் அண்ணனைத் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றவர். கேள்விப்பட்டதும் போனில் கத்திவிட்டேன்.

"நம்ம வீட்டுக்குத் துப்பாக்கியால வந்தது போதாதாண்ணே?"

"அது என்னன்னு தெரியாமயே பயந்துக்கிட்டுக் கெடக்க முடியல பாப்பா. தெரிஞ்சுக்கிட்டாவது பயப்படுறேன்" என்றார்.

காவல்துறை அனுமதி பெற்று, அந்த நாட்டு ராணுவம் பயன்படுத்திக் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக வாங்கினார். இரும்புப் பீரோவில் பூட்டி வைத்தார். வீட்டில் எதிலும் குண்டு நிரப்பியது இல்லை. ஒன்று கோபன்ஹேகனில் செய்தது. குண்டு போடும் அறை பக்கவாட்டில் சிறு கதவு போலத் திறக்கும். குழலைச் சுற்றி மெல்லிய இரும்பு உறை. இன்னொன்று அமெரிக்காவில் செய்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் டென்மார்க் ராணுவத்துக்கு வந்தது. அதே வகையைக் கிரீன்லாந்தின் பனியில் நாய்வண்டியில் ரோந்து போகும் வீரர்கள் கரடிக்குப் பயந்து எடுத்துப் போவார்களாம். இரும்பில் பொறித்த கிரீடத்தையும் எழுத்துகளையும் எண்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, எந்தத் துப்பாக்கி எந்த நாட்டில் பிறந்தது, எதற்குக் குழல் மாற்றினார்கள் என்று கண்டுபிடிப்பார். போனில் அதையெல்லாம் எனக்குச் சொல்வார். பாதி புரியாது. ஆனாலும் கேட்பேன்.

இதனால் அவருக்குப் பேசிய பெண்வீட்டார் இரண்டு இடத்தில் பின்வாங்கினர். அண்ணன் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஒருநாள் சங்கத்தில், தரையில் பட்டுத் தெறித்த குண்டு ஒன்று குறி அட்டையை நீளவாக்கில் கிழித்திருந்ததைப் பார்த்திருக்கிறார். தண்ணீரில் பட்டாலும் இப்படித்தானா என்று நண்பரிடம் கேட்டார். பெரும்பாலும் இப்படித்தான், குண்டு புரண்டு வரும் என்றார் நண்பர். அதற்குப் பிறகு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, ஆத்தா இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்.

"நான் தெனமும் கழுவுனேனே பாப்பா. அப்பா இடுப்புல அந்த ஓட்டை சின்னதா, வட்டமா, சட்டைப் பொத்தான் மாதிரி இருந்துச்சு. அது தெறிச்சு வந்தது இல்ல. நேரா வந்தது."

ஆத்தா வந்துவிட்டாரா என்று வாசலைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். "குறி வைக்கிறவனுக்கு எதுத்தாப்புல நிக்கிற ஆளு கைலி கட்டுன மீன்காரனா, கால்சட்டை போட்ட சண்டைக்காரனான்னு நல்லாவே தெரியும். அப்பாவப் பாத்துட்டுத்தான் சுட்டிருக்கான். ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிறாத. தாங்காது."

அதன் பிறகு அவர் புதிதாக எதையும் வாங்கவில்லை. இருந்தவற்றைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. கடைசி வாரங்களில் நான் அங்கே போய் உடனிருந்தேன். மூச்சு வாங்கும்போதும், நண்பரிடம் எந்தத் துப்பாக்கி யாரிடம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவற்றின் கதை தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள், மற்றவற்றை யாரும் பயன்படுத்த முடியாதபடி அறுத்துவிடுங்கள் என்றார். நண்பர் சரி என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதார். அவர் சொன்னவர்களில் அனுமதி வைத்திருந்தவர்கள் இருவரே என்பதால், இரண்டை மட்டுமே கொடுக்க முடிந்தது. மீதமுள்ளவை அறுக்கப்பட்டன.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன், பிறர் வாயால் கேட்கக் கூடாதே என்று ஆத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் ஆத்தா சொன்னார்:

"புண்ணக் கழுவுனது அவன். குண்டு வாங்குனது ஒங்கப்பா. அவருக்குத் தெரியாதா? சுட்டவன் மொகத்தப் பாத்துட்டுத்தான் வந்தாரு. என்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டாரு. சின்னப் பய மனசுல பகை வேணாம்னு ஒங்ககிட்ட அப்புடிச் சொன்னாரு."

"அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கலாமே ஆத்தா?"

"நான் அவனுக்காக மறைச்சேன். அவன் எனக்காக மறைச்சிருக்கான்" என்றார். பிறகு, "போடு. அப்புடியே அச்சுல போடு" என்றார்.

அண்ணனைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், உடலை அனுப்பி வைக்க அலைந்த டென்மார்க் நண்பருக்கும், விமான நிலையத்தில் காத்திருந்து அழைத்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று தொழிலுக்குப் போகாமல் கரையில் நின்று அண்ணனைத் தோளில் சுமந்த படகுக்காரர்கள் அனைவருக்கும் ஆத்தா தம் பெயரில் நன்றி சொல்லச் சொன்னார். மறுநாள் அவர்கள் அதே கடலுக்குத்தான் போனார்கள். போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வர வேண்டும். ஆத்தாவுக்கும் எனக்கும் வேறு வேண்டுதல் இல்லை.

— தங்கை