ஊசி போட்டுத்தான் இளைத்தேன்

நான் ஊசி போட்டுத்தான் இளைத்தேன். இதை எடுத்ததும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வெளியே சொல்லக்கூடாது என்று எங்கள் வீட்டில் எனக்கு உத்தரவு. யாராவது எப்படி இளைத்தீர்கள் என்று கேட்டால், காலையில் கேப்பைக் கூழ், சாயங்காலம் நடை என்று சொல்ல வேண்டும். கூழ் என்றால் கௌரவம், ஊசி என்றால் கேவலம். என் மாமியார் இந்தக் கூழ்க் கதையைத் தெரு முழுக்கப் பரப்பினார். அதை நம்பிக் கூழ் குடிக்க ஆரம்பித்த பக்கத்து வீட்டு அம்மா ஒரு சுற்றுப் பெருத்ததுதான் மிச்சம்.

திண்டிவனத்தில் பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பகல் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்றே ஆக வேண்டிய வேலை. முழங்கால் இரண்டும் போயின. சர்க்கரை ஏறியது. மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்தது. ஷேர் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தாலே, "அக்கா, நீங்க ஏறினா ரெண்டு ஆளு கணக்கு" என்பார். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள், நான் இறங்கி நடப்பேன்.

நான் நடக்காதவள் இல்லை. நடந்தேன், பட்டினி கிடந்தேன், கொள்ளுத் தண்ணீர் குடித்தேன், ராத்திரிச் சோற்றை விட்டேன். எடை கொஞ்சம் இறங்கும், பிறகு போனது தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். "வாயைக் கட்டு" என்று எனக்குச் சொல்லாத ஆள் ஊரில் பாக்கி இல்லை. நான் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த வருஷங்களை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

விழுப்புரத்தில் நான் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மாதான் வாரம் ஒரு தடவை போடுகிற ஊசியைப் பற்றிச் சொன்னார். எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்விகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டதில்லை. கணையத்தில் எப்போதாவது வீக்கம் வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் உண்டா, வீட்டில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் வந்ததா, இன்னொரு குழந்தை பெறுகிற எண்ணம் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை பார்த்து, ஊசியோடு சேர்ந்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும் என்று ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

"இருக்கறதுலயே சின்ன அளவுல ஆரம்பிக்கிறோம். நான் ஏத்துற வரைக்கும் நீங்களா ஏத்தாதீங்க," என்றார். "வயிறு போதும்னு சொன்னா அந்தக் கவளத்தோட நிறுத்துங்க. முட்டை, பருப்பு, சுண்டல விடாதீங்க, இல்லன்னா கொழுப்போட சதையும் கரைஞ்சு போயிடும். வாந்தி நிக்கலைன்னா, வயித்து வலி முதுகு வரைக்கும் போனா, எனக்கு போன் பண்ணிக்கினு ஒக்காந்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

முதல் சில வாரம் குமட்டல்தான். கடைக்குப் பக்கத்து டீக்கடையில் போண்டா பொரிகிற வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு ஒரு நாள், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, தலைக்குள் என்னவோ நின்றுபோயிருப்பது தெரிந்தது. அடுத்து என்ன சாப்பிடலாம், ஏன் சாப்பிட்டாய், இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஓய்ந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் அமைதியாக இருந்திருக்கிறது. இந்த அமைதியை வைத்துக்கொண்டுதான் எனக்கு வாயைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

எடை மெல்ல இறங்கியது. அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார், என் கணவரின் தங்கை, கண்டாச்சிபுரத்திலிருந்து குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். அவள் மகளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் பெண்ணையும் அவள் அம்மாவையும் கூப்பிட்டு நலங்கு வைப்பார்கள். சந்தனம் பூசி, பூ வைத்து, பிறகு விருந்து. நலங்கு வைத்த வீட்டில் இலையில் மிச்சம் வைத்தால் அந்த வீட்டை அவமானப்படுத்திய மாதிரி. நான் பாதியில் இலையை மடித்ததற்கு ஏற்கெனவே இரண்டு வீடுகள் என்னிடம் பேசுவதில்லை.

பிரிட்ஜில் என் ஊசியைப் பார்த்துவிட்டு நாத்தனார் சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அது பேனா போன்ற ஊசி. நுனியில் ஒவ்வொரு தடவையும் புது முள் மாட்டி, அளவைத் திருகி வைத்து நாமே வயிற்றில் போட்டுக்கொள்ளலாம்.

"அண்ணி, எனக்கும் ஒண்ணு போட்டு வுடுங்க. சம்பந்தியம்மா குச்சியாட்டம் இருக்காங்க. அவங்க பக்கத்துல நான் நின்னா போட்டோல இன்னா ஆவும்?"

"மாட்டேன். உனக்குக் கணையத்துல ஒரு தடவ வீக்கம் வந்து பாண்டிச்சேரில படுத்துக்கினு இருந்த. நான்தான் உன் கூட இருந்தேன். டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கினு போறேன் வா. அவங்க குடுத்தா போட்டுக்க."

"கல்யாண வேலைல விழுப்புரத்துக்கு எங்க போறது. ஒரே ஒரு ஊசிதானே."

எங்கள் வீட்டில் மருந்து பொதுச் சொத்து. பிரிட்ஜ் மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. யாருக்கு எதற்காக எழுதிக் கொடுத்த மாத்திரையானாலும் மிச்சம் அதில் விழும், பிறகு தெருவில் யாருக்கு எங்கே வலித்தாலும் அங்கிருந்து போகும். "எனக்கு நல்லா கேட்டுச்சு, நீயும் போட்டுப் பாரு" என்பதுதான் எங்கள் பாசம். அந்த வீட்டில் மருந்தைக் கொடுக்க மாட்டேன் என்றவள் நான் ஒருத்திதான். மாமியார் என் காதில் விழும்படி, "கூடப் பொறந்தவளா இருந்தா இப்படி மூடி மூடி வெச்சுக்குவாளா," என்றார். நான் மூடித்தான் வைத்தேன், ஆனால் பிரிட்ஜுக்குப் பூட்டு போட எனக்குத் தோன்றவில்லை.

பெரிய அத்தை வீட்டில் நலங்கு நடந்ததற்கு மறுநாள், மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். நாத்தனார் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்து ஓயாமல் வாந்தி. கண் பட்டுவிட்டது என்று மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருந்தார். திருவக்கரை அம்மன் கோயிலில் மந்திரித்த எலுமிச்சம்பழம் தலைமாட்டில் இருந்தது. தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தேன். என் ஊசி இடம் மாறியிருந்தது, அதன் முனையில் முள் அப்படியே இருந்தது. நான் போட்டதும் முள்ளைக் கழற்றி எறிந்துவிடுவேன், ஒரு நாளும் விட்டு வைத்ததில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒப்புக்கொண்டாள். நான் பல மாதம் படிப்படியாக ஏறிவந்து நிற்கிற அளவை அவள் நேற்றுக் காலையில் ஒரே தடவையாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் அத்தை வீட்டில் கேசரி, வடை, பாயசம் என்று எல்லாவற்றையும் இலையில் ஒன்றும் விடாமல் தின்றிருக்கிறாள். வலி எங்கே என்றேன். வயிற்றைக் காட்டிவிட்டு முதுகைத் தொட்டாள். டாக்டரம்மா சொன்ன அதே முதுகு.

"அண்ணி, யாருகிட்டயும் சொல்லாதீங்க. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் பேஜாராயிடும்."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏதோ கல்யாண வேலையாக வந்திருந்தார். அவருடைய காரில்தான் விழுப்புரம் கிளம்பினோம். ஊசி விஷயத்தை என் கணவரிடமும் மாமியாரிடமும் வாசலிலேயே சொல்லிவிட்டேன். தாய்மாமன் வண்டியை எடுப்பதற்குள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்: நலங்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நீ வாயைத் திறக்காதே என்று கணவர் சொன்னார். நான் ஊசியை ஒரு துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவசரப் பிரிவில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் இருந்தார். "வேற மருந்து எதுனா சாப்டாங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. நேத்து விருந்து," என்றார் மாமியார்.

தாய்மாமன் என் பின்னால்தான் நின்றிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தக் கல்யாணம் நின்றால் என் சாவு வரைக்கும் என் பெயரைத்தான் சொல்வார்கள். நிற்கட்டும் என்று நினைத்தேன். கல்யாணத்தை மறுபடி வைக்கலாம், இவளை எங்கே போய் மறுபடி வாங்குவது. ஊசியை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"இத போட்டுக்கினா சார். இது எனக்கு எழுதிக் குடுத்தது. நேத்து காலைல, நான் போடுற அளவையே போட்டுக்கினா. இவளுக்கு முன்னாடியே கணையத்துல வீக்கம் வந்திருக்கு."

டாக்டர் முகம் மாறியது. வாந்திக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், நல்ல வேளை சொன்னீர்கள் என்று பிறகு என்னிடம் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். கணையம் மறுபடி வீங்க ஆரம்பித்திருந்தது. வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் டிரிப்பில் போட்டார்கள். ஒரு வாரத்துக்கான மருந்து உடம்புக்குள் போய்விட்டதால் குமட்டல் லேசில் அடங்கவில்லை. ஆனால் பிழைத்துக்கொண்டாள்.

என் டாக்டரம்மா அந்த ஊசியைத் தூக்கி எறியச் சொன்னார். முள்ளை மாற்றினாலும், ஒருவர் போட்டதை இன்னொருவர் தொடக்கூடாது, ரத்தத்தில் இருக்கிற கிருமி பேனாவுக்குள் ஏறிவிடும் என்றார். எனக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தார்.

புது ஊசி பிரிட்ஜுக்குள் போன அன்று வீட்டில் ரகளை. இந்தச் சனியன் வீட்டுக்குள் வந்ததால்தான் எல்லாம் என்றார் மாமியார். "விட்டுத் தொலையேன்," என்றார் கணவர். நான் விடவில்லை. அருவாமனையில் கையை அறுத்துக்கொண்டால் அருவாமனையைத் தெருவில் எறிகிற வீடா இது? என் மருந்து யாரையும் படுக்க வைக்கவில்லை. படுக்க வைத்தது பிஸ்கட் டப்பா, மிச்சம் வைக்காத இலை, வெளியே சொல்லாதே என்கிற உத்தரவு. டாக்டரம்மா நிறுத்தச் சொல்லும்போது நிறுத்துவேன், நிறுத்தினால் எடை திரும்பலாம் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். டப்பாவை அன்றைக்கே காலி செய்தேன். கூழ்க் கதையையும் அன்றோடு விட்டேன். கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் ஊசி என்றே சொன்னேன், டாக்டர் பார்க்காமல் யாரும் போடாதீர்கள் என்பதையும் சேர்த்து.

கல்யாணம் நிற்கவில்லை. முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கு ஒரு பக்கம் நாத்தனார், ரசம் சோறு மட்டும் போட்டுக்கொண்டு. கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் அவளுக்குக் கச்சிதமாகத்தான் இருந்தது, அவள் எப்போதும் இருக்கிற அதே அளவு. இன்னொரு பக்கம் சம்பந்தியம்மா வந்து உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எப்படி இப்படி இளைத்தீர்கள் என்று ஆரம்பித்தார்.

எதிர் வரிசையிலிருந்து மாமியார் முந்திக்கொண்டார். "எல்லாம் கேப்பக் கூழுதாங்க."

சம்பந்தியம்மா அதைக் காதில் வாங்கவில்லை. என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "என் தம்பி ஆஸ்பத்திரில பார்த்ததச் சொல்லிச்சுங்க. உங்ககிட்ட மிச்சம் இருந்தா ஒரு ஊசி குடுங்களேன். எனக்கில்ல, என் பெரிய பொண்ணுக்கு."

யாருக்குத் தெரியக்கூடாது என்று இவளைச் சாகக் கொடுக்கப் பார்த்தார்களோ, அந்த வீட்டிலிருந்தே கை நீள்கிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாத்தனார் முந்திவிட்டாள், பந்தி முழுக்கக் கேட்கிற குரலில்.

"கேக்காதீங்க சம்பந்தி. அண்ணி குடுக்க மாட்டாங்க. நான் கேட்டும் பாத்துட்டேன், திருடியும் பாத்துட்டேன். பொண்ண விழுப்புரத்துக்குக் கூட்டிக்கினு போங்க, டாக்டரு பாத்து சொல்லட்டும்."

பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். மாமியார் இங்கே ஊற்று என்று அவருக்குத் தன் இலையைக் காட்டினார். எனக்கு வயிறு போதும் என்று சொல்லிவிட்டது. பாதிச் சாப்பாடு இருந்த இலையை மடித்துவிட்டு எழுந்தேன், ஏன் மிச்சம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.