கமிட்டிக்குக் குடுத்த கருக்கு

"நாளைக்கு ஒருத்தியும் சந்தைக்குள்ள கால் வைக்கப்பிடாது. சட்டசபை கமிட்டி வருது"ன்னு பேரூராட்சி ஈ.ஓ. வந்து சொன்னப்பம் நான் சாளமீன் பெட்டிக்க முன்னால குத்தவச்சிருந்தேன்.

"எங்கள பாக்கத்தானே சாரே கமிட்டி வருது?"

"சந்தையத்தான் பாக்க வருது, உங்கள இல்ல. நாத்தம் இருக்கப்பிடாது."

மீன் யாவாரத்துக்குப் புதுசா வந்திருக்க பிள்ளையளே, கேட்டுக்கிடுங்க. இது சுனாமி கழிஞ்சு நாலஞ்சு வருசத்துக்குப் பெறவு நடந்தது. ஊருபேரு வேண்டாம். அந்த ஈ.ஓ. இப்பம் ரிட்டயர்டாயி பேரப்பிள்ளையள கொஞ்சிட்டு இருப்பாரு, பாவம்.

1. மனுவுக்கு அடக்கம்

எங்க சந்தையில மீன்காரிய இருபது பேரு. கக்கூஸ் கெடையாது. விடியதுக்கு முன்ன வீட்டுல குடிச்ச கட்டஞ்சாயாதான், பெறவு அந்திவரைக்கும் சொட்டு வெள்ளம் குடிக்க மாட்டோம். குடிச்சா போணும். போணும்னா பொறத்த உள்ள ரப்பர் விளைக்குத்தான், மரத்துக்க மறவுக்குத்தான் போணும். எனக்க பக்கத்துல இருந்து யாவாரம் பண்ணுக பிரகாசி அப்பிடி அடக்கி அடக்கி, நீர்க்கடுப்பு வந்து ஆசுபத்திரியில கெடந்தா. அதுக்குப் பெறவுதான் சட்டசபை மனுக்கள் குழுவுக்கு, இந்தக் கமிட்டிக்குத்தான், கக்கூஸ் கேட்டு எனக்க பேருல மனு போட்டோம்.

அந்தக் குழுன்னா எம்.எல்.ஏ.மாரு கொஞ்சம்பேரு சேந்து ஊரூரா வருவாவ. மனுவ வாசிப்பாவ, ஆபீசர் பதில் சொல்லுவாரு, எடத்தப் போய்ப் பாப்பாவ. கண்டது திருப்தின்னா தலைவர் "மனு முடித்து வைக்கப்பட்டது"ம்பாரு. அவ்வளவுதான், மனுவுக்கு அடக்கம் கழிஞ்சாச்சு. மேல ஒரு குருசு நட வேண்டியதுதான் பாக்கி.

எங்களுக்கு அதுதான் பயம். ஏன்னா கமிட்டி வருதுன்னு தெரிஞ்ச ஒடனே ஈ.ஓ. ஒரு கக்கூஸ் கெட்டியிருந்தாரு. சொவரு உண்டு, கதவு உண்டு, கதவுல பொட்டு வச்ச பொம்பளைக்க படமும் உண்டு. குழியும் பைப்பும் மட்டும் கெடையாது. வெளிய ஒரு பூட்டு.

2. நெய்மீன் வெட்டப் போன கதை

மறுநாள் சந்தைய ஃபினாயில் ஊத்திக் கழுவி, சுண்ணாம்புக் கோடு போட்டு, கேட்ட அடச்சாச்சு. நாங்க வெளிய மதில் ஓரமா பெட்டிய எறக்கி வச்சு இருந்தோம். அப்பம் ஈ.ஓ.வுக்க ஜீப்பு பறந்து வந்துது. கமிட்டிக்கு மத்தியானச் சோறு அவருக்க பொறுப்பு. சமையக்காரன் நெய்மீன் இல்லாம அடுப்பு பத்தவைக்க மாட்டேன்னு நிக்கியான். அன்னைக்குக் கடல்ல மீனு கொறவு. கெடச்ச ஒரே நெய்மீன் எனக்க பெட்டியில.

"திரேசம்மா, அத இஞ்ச தாருங்க."

"தரலாம் சாரே. ரோட்டுல வச்சு மீன் வித்தா தண்டம்னு போர்டு வச்சது நீங்கதானே?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு பரவால்ல."

"வெட்டவும் வேணுமே. வெட்டுக கல்லு உள்ளயாக்கும் கெடக்கு. உங்க ஜீப்புக்க மேல வச்சு வெட்டட்டா?"

பிரகாசி சும்மா இருப்பாளா? "எக்கா, ஒத்தையில போவாதீங்க. செதிலு எடுக்க நான் வாறேன், வெள்ளம் கோர இவ வாறா, ஈ ஓட்ட அவ வாறா"ன்னா.

கேட்டு தொறந்துது. ஒரு நெய்மீன வெட்ட இருபது பேரு பெட்டியும் சட்டியுமா உள்ள போனோம். போனவ எல்லாம் அவவளுக்க எடத்துல இருந்தாச்சு. ஃபினாயில் மணம் போன எடம் தெரியல்ல. ஈ.ஓ. தலையில கைய வச்ச நேரம் பாத்து கமிட்டி வண்டி வந்து நின்னுது.

3. பயன்பாட்டில் உள்ளது

அவங்க விடிஞ்சதுல இருந்து ஆசுபத்திரி, பள்ளிக்கூடம், பாலம்னு பாத்துட்டு வாறாவ. எறங்குன எடத்துல எல்லாம் அந்தந்த ஆபீசர் கருக்கு வெட்டிக் குடுத்து உபசாரம். கருக்குன்னா எளநி. எங்க ஈ.ஓ. மட்டும் கொறஞ்சவரா? ஆளுக்கு ரெண்டு குடுத்தாரு.

"மனுதாரர் யாரும்மா?"ன்னு தலைவர் கேட்டாரு. நான் எழும்பி நின்னேன்.

"மொதல்ல கத்திய கீழ வைங்கம்மா."

"பயப்படாண்டாம் சாரே, மீனுக்கு மட்டுந்தான்."

தலைவர் ஈ.ஓ.வப் பாத்து, "கழிப்பறை கட்டியாச்சா?"ன்னாரு.

"கட்டி முடிச்சு பயன்பாட்டுல இருக்கு சார்."

தலைவர் பேனாவத் தொறந்தாரு. அப்பமாக்கும் கமிட்டியில வந்த எம்.எல்.ஏ. மேடத்தக் கண்டேன். கோயம்புத்தூர் பக்கத்து ஆளு. ஒரு கால மாத்தி ஒரு கால்ல நிக்கியாவ, கண்ணு அங்கோட்டும் இஞ்சோட்டும் ஓடுது. எங்க இருபது பேருக்கும் அந்த நிப்பு தெரியும்.

"சாரு சொல்லியது செரியாக்கும்"னேன். "பெயிண்டு நல்ல பெயிண்டு. மேடம் ரொம்ப தூரம் வண்டியில வந்திருக்காவ. ஒரு நடை போயிட்டு வரட்டும்."

நான் சொல்லித் தீரல்ல, மேடம் கதவுகிட்ட நிக்கியாவ. பயன்பாட்டுல உள்ள கக்கூஸுக்க சாவிய தேடி ஈ.ஓ. நாலுபக்கமும் ஓடுனாரு. தொறந்தா உள்ள சுண்ணாம்பு மூட்டை, பெருக்குக வாரியல், ஃபினாயில் கேனு. நடுவுல கிளாசெட்டு வெறும் மண்ணுல இருக்கு, பந்திக்கு எடம் புடிச்சவன் மாதிரி.

"மேடம், தண்ணி இணைப்பு பரிசீலனையில..."

"பரிசீலிக்க எனக்கு நேரமில்லீங்க!"

நான் கையப் புடிச்சு ரப்பர் விளைக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரகாசியும் வேற ரெண்டு பேரும் முதுகக் காட்டி மறவா நின்னாவ. திரும்பி வாற வழியில மேடம் மெதுவா கேட்டாவ, "தினமும் இங்கதானுங்களா வர்றீங்க?"

"இல்ல மேடம். வெள்ளம் குடிச்சாத்தானே வரணும்? நாங்க குடிக்கியதில்ல."

மேடம் நேரா போய் தலைவருக்க ஃபைலுக்க மேல கைய வச்சு, "சார், இந்த மனு முடியல. முடிச்சாச்சுன்னு எழுதாதீங்க"ன்னாவ. தலைவர் பேனாவ மூடுனாரு. கமிட்டிக்கு அன்னைக்கு சோறு எறங்கல்ல, நெய்மீன் கொழம்பு வச்சதுல பாதி மிச்சம்னு சமையக்காரன் பெறவு சொன்னான்.

அடுத்த மழைக்கு முன்ன குழி வந்துது, டேங்கு வந்துது, பைப்புல வெள்ளமும் வந்துது. அன்னைக்கு நாங்க இருபது பேரும் உச்சி வெயில்ல, யாவாரத்துக்க எடையில, வயிறு முட்ட வெள்ளம் குடிச்சோம். பிரகாசி ரெண்டு செம்பு குடிச்சா.

அதனால பிள்ளையளே, மனு எழுதுங்க, வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா கமிட்டி வாற அன்னைக்கு கருக்கு நெறைய வெட்டிக் குடுங்க. நாம பேசியத விட அது நல்லா பேசும்.