பூநாரைக்குக் கைதட்டியவர்

என் கணவரைக் கயாக் படகில் ஏற்றி உட்கார வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரத்தநாட்டுப் பக்கம் வயல் வைத்திருக்கும் மனிதர். அப்போது பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, கதிர் பழுத்துக்கொண்டிருந்தது. விடிந்ததும் வரப்பில் நின்று கைதட்டிக் குருவி விரட்டுவதுதான் அந்த மாதம் முழுக்க அவருக்கு உத்தியோகம். நானோ லீவு கிடைத்தால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுகிற பள்ளிக்கூட டீச்சர்.

"நான் வெரட்டுறேன், நீ தேடிப் போயிப் பாக்குற. நல்ல குடும்பம்!" என்பார்.

சிரித்துவைப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஏக்கம்தான். எத்தனையோ முறை தனியாகப் போய்வந்து அவருக்குப் படம் காட்டியிருக்கிறேன். செல்போனை எட்டிப் பார்த்து, "ம், நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விடுவார். ஒரே ஒரு தடவை என்னோடு உட்கார்ந்து அவர் ஒரு பறவையை ஆசையாகப் பார்க்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். ஒரு காலைப்பொழுதுக்குக் காவலை அவர் தம்பி தலையில் கட்டிவிட்டு, பட்டுக்கோட்டை தாண்டிக் கடலோரத்துக்கு அழைத்துப்போனேன்.

இரண்டு பேர் உட்காரும் கயாக்கை வாடகைக்கு எடுத்தோம். அவர் முன்னால், நான் பின்னால். "வாய்க்கால்ல வாழமட்டத் தெப்பம் விட்டவன்கிட்ட என்ன பாடம் எடுக்குற?" என்று துடுப்பைப் போட்டவர், நேராகக் கொண்டுபோய் அலையாத்திப் புதரில் முட்டினார். தலையில் விழுந்த இலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "காத்து" என்றார்.

ஒரு வளைவு திரும்பியதும் உப்பங்கழி விரிந்தது. அதற்குமேல் ரோஜா நிறத்தில் ஒரு கூட்டம் வட்டமடித்து இறங்கிக்கொண்டிருந்தது. பூநாரைகள்! "என்னங்க..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அதற்குள் அவர் துடுப்பை விட்டுவிட்டு, இரண்டு கையையும் உயர்த்திப் படபடவென்று தட்டி, "ஏஏய்... ஹோ! ஹோ!" என்று கழியே அதிரும்படி ஒரு சத்தம் போட்டார்.

கூட்டம் மொத்தமும் எழுந்து போய்விட்டது.

"கை தானா போயிருச்சு டீச்சர்" என்றார் பிறகு, திரும்பிப் பார்க்காமலே. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை முட்டியது. அவர் துடுப்பு வேறு மிதந்துபோய் மரங்களின் வேரில் சிக்கியிருந்தது. நான் ஒருத்தியே தள்ளிக்கொண்டு போய் அதை எடுத்தேன். கிளைகள் தாழ்ந்து எங்களை மூடியிருந்த இடம். "இங்கயே இருப்போம். சத்தம் போடாதீங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது, கொசு பிடுங்கியது. அவர் கையை எடுக்கவில்லை. கோபத்தை இழுத்துப் பிடிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அப்படியே இருக்கும்போதுதான் பூநாரைகள் திரும்பி வந்தன. முன்னைவிடக் கிட்டத்தில் இறங்கின. பைனாகுலரை அவரிடம் நீட்டினேன்.

"நடவாளு மாதிரியே குனியுது" என்று கிசுகிசுத்தார். "ஆனா நம்ம ஆளுங்க பின்னால நடந்து நடும். இது முன்னால போவுது."

கொஞ்சம் கழித்து, "நெல்லு திங்குமா?"

"இங்க சேத்துலதாங்க மேயும்."

"அப்ப நல்ல பறவைதான்."

வெகுநேரம் ஆகியும் பைனாகுலர் என் கைக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை. பூநாரையை வெறுங்கண்ணால் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலையில் டீ எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். கதிர்மேல் குருவிக்கூட்டம் தொங்கிக்கொண்டிருக்க, அவர் வரப்பில் அசையாமல் நின்றார். டீயைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டப் போனேன்.

"இரு, சத்தம் போடாத" என்றார். "நெஞ்சுல புள்ளி புள்ளியா இருக்கே, அது பேரென்ன?"

"புள்ளிச் சில்லை."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, பாத்தாச்சு" என்றார். இருவரும் சேர்ந்து கைதட்டினோம்.